கணிப்பொறியில் இடம் இல்லையா? கணக்கை அழிக்காமல் இடம் பிடிப்பது எப்படி?

கடையில் பில் போடும் கணிப்பொறி திடீரென்று "இடம் இல்லை" என்று சொல்லி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். இந்தத் தொல்லையை நானே பட்டு எழுந்தவன் என்பதால், பட்டதை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

எங்கள் கடை மதுரை கீழமாசி வீதிப் பக்கம். மளிகை மொத்த வியாபாரம். தீபாவளிக்கு முதல் நாள் மாலை ஆறு மணி. வெளியூர் வண்டிகள் வாசலில் நிற்கின்றன. கடையில் நிற்க இடமில்லை. அந்த நேரம் பார்த்துப் பில் போடும் தம்பி தலையைத் தூக்கி, "அண்ணாச்சி, பில் விழ மாட்டேங்குது. டிஸ்க்கில இடமே இல்லைன்னு சொல்லுது. நாலு வருஷத்துப் பழைய பில்லெல்லாம் கிடக்கு. அழிச்சிடட்டுமா?" என்றான். விரல் பொத்தான் மேல் இருந்தது.

"கையை எடுப்பா. எது அடைச்சிருக்குன்னு பார்க்காம எதையும் அழிக்காதே" என்றேன். பழைய பில் புத்தகத்தை எடுத்து, கார்பன் வைத்துக் கையால் எழுத ஆரம்பித்தோம். கூட்டம் முனகியது. ஆனாலும் அன்று அவன் அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் எனக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் கணிப்பொறியில் ஓடுவது லினக்ஸ். 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. இன்று உபுண்டு, டெபியன், மின்ட் என்று பல பெயர்களில் இலவசமாகவே கிடைக்கிறது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸும் டெபியன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கீழே சொல்லும் வழிகள் இந்தக் குடும்பம் முழுவதற்கும் பொருந்தும்.

கட்டளைகளைக் கறுப்புத் திரையான டெர்மினலில் தட்ட வேண்டும். ஆங்கில எழுத்துகளின் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். "பெரிய" என்று குறிப்பிடாத எழுத்துகளைச் சிறிய எழுத்தாகவே தட்டவும். நிர்வாகியின் அனுமதி தேவைப்படும் கட்டளைகளுக்கு முன்னால் "எஸ் யு டி ஓ" என்ற நான்கு எழுத்துகளைத் தட்டி ஓர் இடைவெளி விட வேண்டும். இதைச் "சூடோ" என்பார்கள். கடவுச்சொல்லைக் கேட்கும். இனி "சூடோ போட்டு" என்று சொன்னால் இதைத்தான் சொல்கிறேன்.

முதல் படி: மொத்த இருப்பைப் பாருங்கள்

கிடங்கில் எவ்வளவு இடம், எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்க, "டி எஃப்" என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடு ஒன்றும் "எச்" எழுத்தும் தட்டுங்கள். ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் டிஸ்க்கின் பெயர், மொத்த அளவு, பயன்பட்டது, மீதி, சதவிகிதம், அது இணைந்திருக்கும் இடம் ஆகியவை இருக்கும். "டி எம் பி எஃப் எஸ்" என்று தொடங்கும் வரிகள் நினைவகத்தைப் பற்றியவை, விட்டுவிடலாம். கடைசியில் வெறும் சாய்கோடு மட்டும் இருக்கும் வரிதான் தலைமைக் கிடங்கு. அதில் 80 சதவிகிதம் தாண்டினால் கவனிக்கத் தொடங்குங்கள். 90 தாண்டினால் அன்றே வேலையில் இறங்குங்கள்.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் இரண்டு சந்தேகங்கள் எழும். முதலாவது, 500 ஜி.பி. என்று வாங்கிய டிஸ்க் 465 ஜி.பி. அளவில்தானே காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்பது. இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜி.பி.யை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். கணிப்பொறி ஆயிரத்துக்குப் பதில் 1,024-ஆல் பெருக்கிக்கொண்டே போகிறது. சரக்கு ஒன்றுதான், படிக்கல் இரண்டு.

இரண்டாவது, மொத்தத்தில் பயன்பட்டதைக் கழித்தால் மீதி சரியாக வரவில்லையே என்பது. எங்கள் டிஸ்க்கில் மொத்தம் 110, பயன்பட்டது 104, மீதி பூஜ்யம் என்று காட்டியது. அந்த ஆறு எங்கே போனது? லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் எக்ஸ்ட்4 முறையில், நூற்றுக்கு ஐந்து பங்கு இடம் நிர்வாகிக்கென்று முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. கல்லாவில் அவசரத்துக்கென்று தனியே முடிந்து வைக்கும் பணம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் கணிப்பொறி ஓடிக்கொண்டிருந்தது. சாதாரணப் பயனராக ஓடிய பில் நிரல் மட்டும் நின்றது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். மீதி இடம் தாராளமாக இருந்தும் "இடம் இல்லை" என்று வந்தால், அதே கட்டளையில் "எச்" எழுத்துக்குப் பதிலாக "ஐ" தட்டுங்கள். டிஸ்க்கில் ஒவ்வொரு கோப்புக்கும் பதிவேட்டில் ஒரு வரி வேண்டும். எக்ஸ்ட்4 முறையில் அந்த வரிகளின் எண்ணிக்கை டிஸ்க்கை முதலில் தயார் செய்யும்போதே முடிவாகிவிடும். லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்துவிட்டால், கிடங்கில் இடம் இருந்தும் சிட்டையில் எழுத வரி இராது.

இரண்டாம் படி: எந்த அறை அடைத்திருக்கிறது?

லினக்ஸில் கோப்புகளை வைக்கும் அறைக்கு டைரக்டரி என்று பெயர். ஒவ்வோர் அறையும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அறிய, சூடோ போட்டு, "டி யு" தட்டி, இடைவெளி விட்டு, சிறுகோடு, அதை ஒட்டி "எக்ஸ் எச் டி 1", மீண்டும் இடைவெளி, கடைசியில் ஒரு சாய்கோடு தட்டுங்கள். "எக்ஸ்" என்பது இந்த ஒரு டிஸ்க்கை விட்டு வெளியே போகாதே என்பதாகும். "டி 1" என்றால் ஒரு நிலை மட்டும் காட்டினால் போதும் என்று பொருள். சில நிமிடம் பொறுத்திருங்கள்.

பெரிய எண் எந்த அறைக்கு எதிரே இருக்கிறதோ, சாய்கோட்டுக்குப் பின்னால் அந்த அறையின் பெயரைச் சேர்த்து அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். அதற்குள் பெரியது எது என்று தெரியும். இப்படி நான்கைந்து முறை இறங்கினால் அடைத்த மூட்டையின் மேலேயே கை வைத்துவிடலாம்.

இங்கே ஒரு கணக்கு. பில் ஒன்று 2 கே.பி. இடம் பிடிக்கிறது, நாளொன்றுக்கு 300 பில் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,09,500 பில். மொத்தம் ஏறத்தாழ 214 எம்.பி. இனிக் கடைக்கு மாட்டியிருக்கும் கண்காணிப்புக் கேமராவைப் பாருங்கள். விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்யும் ஒரே ஒரு கேமரா, ஒரு நாளில் 21,600 எம்.பி. பிடிக்கும். அதாவது, கேமராவின் ஒரு நாள் பதிவு அந்தக் கடையின் நூறு ஆண்டுப் பில்களுக்குச் சமம்! ஆகவே டிஸ்க் நிறைந்தால் பழைய பில் மேல் பழி போடாதீர்கள். அதை அழித்தால் இடமும் வராது, கணக்கும் போய்விடும்.

மூன்றாம் படி: அச்சமின்றி அப்புறப்படுத்தத் தக்கவை

ஒன்று: நிறுவி முடித்த நிரல்களின் பொதிகள். லினக்ஸ் புதுப்பித்துக்கொள்ளும்போது இறக்கும் பொதிகள் உள்ளேயே தங்கிவிடும். சரக்கை இறக்கிய பிறகு மிஞ்சும் காலிச் சாக்கு இவை. சூடோ போட்டு, "ஏ பி டி" தட்டி, இடைவெளி விட்டு, "க்ளீன்" என்ற ஆங்கிலச் சொல்லை (சி எல் இ ஏ என்) தட்டினால் போதும். அன்று மாலை எங்களை உடனடியாகக் காப்பாற்றியது இதுதான். ஒன்றரை ஜி.பி. காலியாயிற்று, பத்தாவது நிமிடம் பில் விழ ஆரம்பித்தது.

இரண்டு: தேவையற்றுப்போன துணை நிரல்களும் பழைய கெர்னல்களும். சூடோ போட்டு, "ஏ பி டி", இடைவெளி, "ஆட்டோரிமூவ்" (ஏ யு டி ஓ ஆர் இ எம் ஓ வி இ). எவற்றை நீக்கப்போகிறது என்று பட்டியலிட்டு அனுமதி கேட்கும். பட்டியலைப் படித்த பிறகே "ஒய்" தட்டுங்கள். உங்கள் பில் நிரலின் பெயர் அதில் தென்பட்டால் "என்" தட்டி வெளியே வந்துவிடுங்கள்.

மூன்று: கணிப்பொறி தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. இது வழக்கமாக டிஸ்க்கின் பத்தில் ஒரு பங்குக்கு மேலும், அதிகபட்சம் 4 ஜி.பி.க்கு மேலும் வளராது. சிறிய டிஸ்க்கில் 4 ஜி.பி.யும் பெரிதுதான். சூடோ போட்டு, "ஜர்னல்" என்ற ஆங்கிலச் சொல்லோடு "சி டி எல்" ஒட்டித் தட்டி, இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடு, "வேக்குவம்", ஒரு சிறுகோடு, "சைஸ்", சமக்குறி, 200, பெரிய "எம்" என இடைவெளியின்றித் தட்டுங்கள். பழைய குறிப்புகளைக் கழித்து 200 எம்.பி. அளவுக்குக் கொண்டுவரும்.

நான்கு: குப்பைத்தொட்டியும் பதிவிறக்க அறையும். சுட்டியால் அழித்த கோப்பு உண்மையில் அழிவதில்லை, குப்பைத்தொட்டியில் கிடக்கும். தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் திரும்பும். பதிவிறக்க அறையில் பையன்கள் இறக்கிய சினிமாப் படம் இருந்தால் அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை!

நான்காம் படி: கை வைக்கக்கூடாதவை

"இ டி சி", "யு எஸ் ஆர்", "பூட்", "லிப்" ஆகிய பெயருள்ள அறைகளில் கையால் எதையும் அழிக்காதீர்கள். கணிப்பொறியே எழுந்திருக்காது. "வார்" அறைக்குள் இருக்கும் "லிப்" இன்னும் முக்கியம். பெரும்பாலான பில் நிரல்களின் தரவுத்தளம் அங்கேதான் இருக்கும். மைசீக்குவல் 8.0 பதிப்பிலிருந்து ஒவ்வொரு மாற்றத்தையும் பைனரி லாக் என்ற கோப்புகளில் தானாகவே எழுதி, வழக்கமாக 30 நாட்கள் வைத்திருக்கும். இவை பெருத்துக் காணப்படலாம். ஆனாலும் இவற்றைக் கையால் அழிக்கக்கூடாது. தரவுத்தளத்தின் கட்டளை வழியாகத்தான் குறைக்க வேண்டும். உங்கள் நிரல் போட்டுத் தந்தவரிடம் சொல்லிச் செய்யுங்கள்.

"ஆர் எம்" என்ற அழிக்கும் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. போனால் போனதுதான். சூடோவுடன் சேர்த்து இதைத் தட்டுகையில் ஓர் இடைவெளி தவறான இடத்தில் விழுந்தாலும் வேறோர் அறை முழுவதும் அழியக்கூடும். சந்தேகமாக இருந்தால் அழிக்காமல் வேறு டிஸ்க்குக்கு மாற்றி வையுங்கள்.

இனிச் சட்டம். மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017-இன் 36-ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்குகளையும் பதிவேடுகளையும் அந்த ஆண்டுக்குரிய ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ இருந்தால் அது முடிந்து ஓராண்டு வரை, அல்லது மேற்கண்ட 72 மாதம் வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். தம்பி அழிக்கப் பார்த்த நான்கு ஆண்டுப் பில்களும் இந்தக் காலத்துக்கு உட்பட்டவையே. அதிகாரி வந்து கேட்டால் "டிஸ்க்கில் இடம் இல்லை" என்பது பதிலாகாது.

ஐந்தாம் படி: இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால்

சில வேளை முதல் படியில் 100 ஜி.பி. நிறைந்திருப்பதாகவும், இரண்டாம் படியில் எல்லா அறைகளையும் கூட்டினால் 40 மட்டுமே இருப்பதாகவும் தெரியும். பேரேடும் இருப்பும் முரண்படுகின்றன. இதற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணமாக இருக்கும்.

முதல் காரணம், ஒரு நிரல் பிடித்துக்கொண்டிருக்கும் கோப்பை நீங்கள் அழித்திருப்பீர்கள். பேரேட்டில் அடித்தாகிவிட்டது, மூட்டை மேல் ஆள் உட்கார்ந்திருக்கிறான். அவன் எழுந்தால்தான் இடம் காலியாகும். சூடோ போட்டு, "எல் எஸ் ஓ எஃப்", இடைவெளி, கூட்டல்குறி, பெரிய "எல்", 1 என்று தட்டினால் அப்படிப்பட்ட கோப்புகளும் அவற்றைப் பிடித்திருக்கும் நிரலின் பெயரும் தெரியும். கடை மூடிய பிறகு அந்த நிரலை நிறுத்தித் தொடங்கினால், அல்லது கணிப்பொறியையே முறைப்படி நிறுத்திப் போட்டால், இடம் திரும்பும்.

இரண்டாவது காரணத்தைத்தான் நாங்கள் அன்றிரவு கண்டோம்.

கடை மூடியதும் இரண்டாம் படிக் கட்டளையைக் கொடுத்தோம். "யு எஸ் ஆர்" 14 ஜி.பி., "ஹோம்" 20, "வார்" 8. எல்லாம் நியாயம். "எம் என் டி" என்ற அறைக்கு எதிரே மட்டும் 60! அது வெளி டிஸ்க்கை இணைப்பதற்காக உள்ள வெற்று அறை. பில் கணக்கும், படம் பிடித்த கொள்முதல் பட்டியல்களும் சேர்ந்து இரவுதோறும் 3 ஜி.பி. அளவில் வெளி டிஸ்க்குக்கு நகல் போகும்படி ஏற்பாடு செய்திருந்தோம். வெளி டிஸ்க்குக்குள் போகவேண்டியது உள் டிஸ்க்கிலேயே ஏன் இருக்கிறது?

மேஜைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தான் தம்பி. வெளி டிஸ்க்கின் கேபிள் கழன்று தொங்கியது. ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி, கணிப்பொறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தபோது கழன்றது. அன்றிலிருந்து 20 இரவுகள். வெளி டிஸ்க் இல்லாததால், அது உட்காரவேண்டிய வெற்று அறைக்குள்ளேயே நகல் விழுந்திருக்கிறது. 20 இரவு, இரவுக்கு 3 ஜி.பி., ஆக 60. கணக்கு தைத்தது.

இதிலே ஒரு சூட்சுமம் உண்டு. அந்தக் கேபிளை அப்படியே செருகியிருந்தால் வெளி டிஸ்க் அந்த அறையின் மேல் வந்து உட்கார்ந்து, கீழே கிடக்கும் 60 ஜி.பி.யை மறைத்துவிடும். பிறகு எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. இடம் மட்டும் நிறைந்தே இருக்கும். உங்களுக்கும் கணக்கு ஒத்துப்போகாவிட்டால், வெளி டிஸ்க்கை முறைப்படி கழற்றிவிட்டு அது இருந்த அறையை ஒரு முறை பாருங்கள்.

நாங்கள் செய்தது இது. கேபிளைச் செருகாமலே, 60 ஜி.பி. இருந்த அறையின் பெயரை மாற்றினோம். பழைய பெயரில் புதிதாக ஒரு வெற்று அறை திறந்தோம். பிறகு கேபிளைச் செருகி, முதல் படிக் கட்டளையில் வெளி டிஸ்க் தனி வரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டோம். 20 நாள் நகல்களையும் அதற்கு மாற்றி, அந்த டிஸ்க்கை வீட்டுக் கணிப்பொறியில் போட்டு, கடைசி நாள் கணக்கைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே உள்ளே இருந்ததை அழித்தோம். மணி இரவு ஒன்றரை. 60 ஜி.பி.யும் திரும்பக் கிடைத்தது.

இடம் நிறைந்ததைவிட எனக்கு உறைத்தது வேறு. அந்த 20 நாளும் எனக்குக் காப்பு நகல் என்பதே இல்லை! கணக்கும் நகலும் ஒரே டிஸ்க்கில். அந்த டிஸ்க் பழுதாகியிருந்தால் தீபாவளிச் சீசன் கடன் பாக்கி முழுவதும் காற்றோடு போயிருக்கும். போதாக்குறைக்குப் பழைய பில்களையும் தம்பி அழித்திருந்தால், அதன் நகலும் பிந்திய நாட்களுக்கு வெளியே இராது. விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி மின்னணுக் கணக்குகளுக்கு நகல் வைக்கவேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதிகளின் 57-ஆவது விதி சொல்கிறது. விதிக்காக இல்லாவிட்டாலும் நம் வயிற்றுக்காக அது வேண்டும்.

அதற்குப் பிறகு நகல் எடுக்கும் நிரலில் ஒரு வரி சேர்த்தோம். லினக்ஸில் "மவுண்ட்பாயின்ட்" என்று ஒரு சிறு கட்டளை இருக்கிறது. ஓர் அறையில் டிஸ்க் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று அது சொல்லும். "இணைந்திருந்தால் நகல் எடு, இல்லாவிட்டால் நின்று, காலையில் திரையில் சொல்" என்று அமைத்தோம். நிரல் போட்டுத் தருபவரிடம் இதை மறவாமல் கேட்டுப் பெறுங்கள். ஐந்து நிமிட வேலை.

மாதம் ஒரு முறை

அமாவாசைக்குக் கடையைக் கூட்டிச் சுத்தம் செய்கிறோம் அல்லவா? அன்றே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. முதல் படிக் கட்டளையைக் கொடுத்து, மீதி எவ்வளவு என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். போன மாதத்தைவிட வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருந்தால் அன்றே காரணம் தேடுங்கள்.

2. "ஏ பி டி" கொண்டு காலிப் பொதிகளைக் கழியுங்கள். குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்கள்.

3. வெளி டிஸ்க் பட்டியலில் தனி வரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கேபிளையும் கையால் தொட்டுப் பாருங்கள்.

4. நேற்றைய நகலை வேறொரு கணிப்பொறியில் திறந்து, கடைசிப் பில் எண்ணைச் சரிபாருங்கள். திறந்து பார்க்காத நகல் நகலாகாது.

5. கேமராப் பதிவைப் பில் கணிப்பொறியில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனி டிஸ்க் வையுங்கள்.

6. கையால் எழுதும் பில் புத்தகம் ஒன்றும் கார்பனும் எப்போதும் கல்லாவில் இருக்கட்டும்.

கிடங்கு நிறைந்தால் எந்த வியாபாரியும் முதலில் நல்ல சரக்கைத் தூக்கித் தெருவில் போடுவதில்லை. காலிச் சாக்கையும் உளுத்ததையும்தான் கழிக்கிறோம். கணிப்பொறியிலும் அதே முறைதான். இந்தத் தீபாவளிக்கு முன் ஒரு நாள் மாலை, கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், அந்த முதல் கட்டளையைத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.